விமான நிலையத்துக்குப் போக ஒன்று, திரும்பி வர வேறொன்று

நகரத்தின் மையத்துக்கும் விமான நிலையத்துக்கும் நடுவே எதில் போவது என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்பேன்: போகிறீர்களா, வருகிறீர்களா? பெரும்பாலானோர் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அதே ரயில், அதே சாலை, அதே தூரம்தானே என்பது அவர்கள் கணக்கு. ஆனால் போகும்போது ஒரு கெடு இருக்கிறது. அது தவறினால் டிக்கெட் பணம் முழுசாகப் போகலாம், அடுத்த விமானம் மறுநாள்தான் என்றுகூட ஆகலாம். வரும்போது அப்படி எந்தக் கெடுவும் இல்லை. அரை மணி நேரம் தாமதமானால் அரை மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக வேறு தொல்லைகள் இருக்கும். உடம்பு அசந்திருக்கும், தூக்கம் கெட்டிருக்கும், ஊர் புதிதாக இருக்கும், போனில் இணைய இணைப்பு வேலை செய்யாமலும் போகலாம். ஆகவே போகும்போது நம்பகத்தைப் பாருங்கள், வரும்போது அலைச்சல் குறைவதைப் பாருங்கள். ஒரே ஆள், ஒரே ஊரில், போகும்போது ரயிலிலும் வரும்போது டாக்ஸியிலும் பயணம் செய்வது முழுக்க நியாயமான முடிவு.

கெடு எது என்பதில் முதலில் தெளிவு வேண்டும். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் புறப்பாட்டு நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். பெட்டியை ஒப்படைக்க வேண்டியிருந்தால், அந்தக் கவுன்ட்டர் மூடும் நேரம்தான் கெடு. நிறைய விமான நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்துக்கு 45 அல்லது 60 நிமிடம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுகின்றன. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு மணி நேரம், சில சமயம் அதற்கும் முன்பே. கைப்பை மட்டும் என்றால் போர்டிங் கேட் மூடும் நேரம் கெடு. அதிலும் பாதுகாப்புச் சோதனை வரிசை குறுக்கே நிற்கிறது. காலை 9 மணி விமானத்துக்கு 8 மணிக்குக் கவுன்ட்டர் மூடும் என்றால், அங்கே வரிசையில் நிற்க நேரம் விட்டு, 7.15-க்காவது முனைய வாசலில் இறங்க வேண்டும். அந்த 7.15-லிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இப்போது ஒரு சின்ன உதாரணம். காரில் போனால், சாலை காலியாக இருக்கும்போது 30 நிமிடம், நெரிசலில் 75 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ரயிலில் 40 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில். ஒரு மாதம் தினமும் போய்ச் சராசரி எடுத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். சில நாட்கள் கார்தான் வேகம். ஆனால் விமானத்தைப் பிடிக்கப் போகிறவருக்குச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. ரயிலில் போகிறவர் மோசமான நாளுக்கும் 50 நிமிடம் ஒதுக்கினால் போதும். காரில் போகிறவர் 75 நிமிடம் ஒதுக்கியாக வேண்டும். அதாவது 25 நிமிடம் முன்னதாகக் கிளம்ப வேண்டும், பெரும்பாலான நாட்களில் அந்த நேரத்தை முனையத்தில் உட்கார்ந்து கழிக்க வேண்டும். மேப் செயலி காட்டும் நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. இப்போது திறந்து பார்த்தால் இந்த நிமிடத்து நிலவரத்தைக் காட்டும். நாளைக் காலை இத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று போட்டுப் பார்த்தால், கார் பயணத்துக்கு 35 முதல் 70 நிமிடம் என்பதுபோல இரண்டு எண்கள் வரும். அதில் பெரிய எண்தான் உங்களுடையது.

ரயில், மெட்ரோ

விமான நிலையத்துக்குள்ளேயே ரயிலோ மெட்ரோவோ வரும் ஊர் என்றால், போகும் வழிக்கு என் முதல் தேர்வு அதுதான். காரணம் மேலே சொன்ன கணக்கு. ஆனால் எந்த ரயில் என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெரிய எழுத்தில் விளம்பரம் செய்யப்படும் தனி விரைவு ரயில் ஒன்று இருக்கும். பல ஊர்களில் அதன் பக்கத்திலேயே, அதைவிட மிகக் குறைந்த கட்டணத்தில், ஊர்க்காரர்கள் ஏறும் சாதாரண ரயில் ஒன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து 1998-இல் ஓடத் தொடங்கிய ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் என்ற விரைவு ரயில் கால் மணி நேரத்தில் பேடிங்டன் நிலையத்தில் விட்டுவிடும். 2022-இல் வந்த சாதாரண ரயிலான எலிசபெத் லைன் அதே பேடிங்டனுக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் எடுக்கும். இதோடு நிறுத்தினால் எக்ஸ்பிரஸ்தான் ஜெயிக்கிறது. ஆனால் பேடிங்டன் மைய நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. நீங்கள் போக வேண்டிய இடம் கிழக்கே லிவர்பூல் ஸ்ட்ரீட் பக்கம் என்றால், எக்ஸ்பிரஸில் வந்தவர் பேடிங்டனில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு இன்னொரு ரயிலுக்கு மாற வேண்டும். எலிசபெத் லைனில் ஏறியவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமலே நகரத்துக்கு அடியில் போய் அங்கேயே இறங்கிவிடுவார். 1977 முதல் ஹீத்ரோவுக்கு ஓடும் பிக்காடில்லி லைன் இன்னும் மெதுவானது. மையத்துக்குப் போக ஒரு மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகும். ஆனாலும் உங்கள் நிலையம் அந்தப் பாதையிலேயே இருந்தால் அதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

வியன்னாவிலும் இதே கதைதான். சிட்டி ஏர்போர்ட் டிரெயின் 16 நிமிடத்தில் வீன் மிட்டே நிலையத்துக்கு வருகிறது. எஸ்7 என்ற சாதாரண ரயில் அதே நிலையத்துக்குச் சுமார் 25 நிமிடத்தில், மிகக் குறைந்த கட்டணத்தில் வருகிறது. வித்தியாசம் ஒன்பது நிமிடம். விரைவு ரயில் அரை மணி நேரத்துக்கு ஒன்று. இப்போதுதான் ஒன்று கிளம்பிப் போனது, அடுத்ததற்கு இருபது நிமிடம் நிற்கிறீர்கள் என்றால், அது 16 நிமிட ரயில் கிடையாது, 36 நிமிட ரயில். காத்திருக்கும் நேரத்தைச் சேர்க்காமல் எந்த ரயிலையும் ஒப்பிடாதீர்கள். கனடாவின் டொரண்டோவில் 2015-இல் தொடங்கிய விமான நிலைய விரைவு ரயிலில் கட்டணம் அதிகம் என்று ஆட்கள் ஏறவே இல்லை. அடுத்த ஆண்டே கட்டணத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள், பிறகு கூட்டம் வந்தது. மிச்சமாகும் சில நிமிடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதில் அந்த ஊர்ப் பயணிகள் சரியாகவே தீர்ப்பு சொன்னார்கள்.

வேகம் பற்றிய மயக்கத்துக்கு இன்னொரு உதாரணம் ஷாங்காய். புடோங் விமான நிலையத்திலிருந்து புறப்படும் காந்த மிதவை ரயில், மணிக்கு 430 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டப்பட்டது. 30 கிலோமீட்டர் பாதையைப் பத்து நிமிடத்துக்குள் கடந்துவிடும். ஆனால் அது போய் நிற்கும் லாங்யாங் சாலை நிலையம் நகரத்தின் மையத்தில் இல்லை. அங்கே இறங்கி மெட்ரோவுக்கு மாறித்தான் மையத்துக்குப் போக முடியும். அனுபவத்துக்காக ஒருமுறை ஏறலாம், கட்டாயம் ஏறுங்கள். நேரம் மிச்சமாகும் என்ற நம்பிக்கையில் ஏறினால், மாறும் இடத்தில் அந்த நேரம் கரைந்துவிடும்.

மாறுவது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கையில் பெட்டி இருக்கும்போது அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் நின்று பாருங்கள். விமான நிலையத்திலிருந்து வந்த ரயில் நிற்கிறது. ஒரு பெருங்கூட்டம் இறங்குகிறது, எல்லோர் கையிலும் பெட்டி. லிஃப்ட் நடைமேடையின் கோடியில், ஒன்றே ஒன்று. ஒரு தடவைக்கு நான்கு பேர், நான்கு பெட்டி, ஒரு குழந்தை வண்டி; கதவு மூட மறுக்கும், யாராவது ஒருவர் வெளியே வர வேண்டியிருக்கும். பொறுமை இழந்தவர்கள் எஸ்கலேட்டருக்குப் போவார்கள். பெரிய பெட்டியைப் படியில் வைத்து, அது கீழே நிற்பவர் மேல் சரிந்துவிடாமல் முழங்காலால் முட்டுக் கொடுத்தபடி மேலே போவார்கள். அப்புறம் டிக்கெட் கதவு. பெட்டியோடு நுழையக்கூடிய அகலக் கதவு ஓரமாக ஒன்று இருக்கும், அதற்கும் ஒரு வரிசை. இத்தனையும் முடிந்துதான் அடுத்த ரயிலுக்கான நடை. வெறுங்கையோடு மூன்று நிமிடத்தில் மாறக்கூடிய இடத்தில், பெட்டியோடு பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். என் வழக்கம் இதுதான்: மாற்றம் இல்லாவிட்டால் ரயில், ஒரு மாற்றம் என்றால் பெட்டியைப் பார்த்து முடிவு, இரண்டு மாற்றம் என்றால் வேறு வழி தேடுவது. வயதானவர்களோ முழங்கால் வலி உள்ளவர்களோ கூட இருந்தால், ஒரு மாற்றம்கூட வேண்டாம்.

எந்த முனையம் என்பதையும் ரயிலில் போகிறவர்கள் இரட்டிப்பாகப் பார்க்க வேண்டும். டாக்ஸியில் தவறான முனைய வாசலில் இறங்கினால், அதே வண்டியில் அடுத்த வாசலுக்குப் போய்விடலாம். ரயிலில் அந்த வசதி இல்லை. டெல்லியில் புதுடெல்லி ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும் விமான நிலைய விரைவு மெட்ரோ, முனையம் 3-க்குப் போகிறது. முனையம் 1 வேறொரு மெட்ரோ பாதையில், மெஜந்தா லைனில் இருக்கிறது. "ஏர்போர்ட் மெட்ரோ" என்ற பெயரை மட்டும் நம்பி ஏறினால், சரியான நேரத்துக்குத் தவறான இடத்தில் போய் நிற்பீர்கள். ஹீத்ரோவிலும் எக்ஸ்பிரஸ் ரயில் முனையம் 4-க்கு நேராகப் போவதில்லை. முனைய எண் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு, அதனால் கிளம்பும் நாளில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரயிலுக்கு ஆதரவாக இன்னொன்று, அதிகம் பேருக்குத் தெரியாதது: சில ஊர்களில் நகரத்து நிலையத்திலேயே பெட்டியை ஒப்படைத்துவிடலாம். ஹாங்காங் நிலையத்தில் இந்த வசதி உண்டு; 1998-இல் தொடங்கிய ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் அங்கிருந்து 24 நிமிடத்தில் விமான நிலையம் சேர்கிறது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல், டெல்லியின் விரைவு மெட்ரோ நிலையம் போன்ற இடங்களிலும் சில விமான நிறுவனங்களுக்கு இது நடந்திருக்கிறது. எந்த நிறுவனத்துக்கு, எத்தனை மணி வரை என்பது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் உங்கள் நிறுவனம் பட்டியலில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். விடுதியைக் காலையில் காலி செய்துவிட்டு ராத்திரி விமானத்தில் போகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நாள் முழுக்க வெறுங்கையோடு சுற்றலாம்.

ரயிலை நம்பலாம் என்றால் அது ஒருநாளும் நிற்காது என்று பொருள் இல்லை. அபூர்வமாகத்தான் நிற்கும், நின்றால் முழுசாக நிற்கும். வேலைநிறுத்தம், சிக்னல் கோளாறு, மின்தடை என்று ஏதாவது ஒன்று வந்தால், அதை நம்பியிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் டாக்ஸி தேடுவார்கள். அதனால் வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ரயில் நிலவரத்தை ஒரு தடவை பாருங்கள். கணக்குப்படி வரும் ரயிலுக்கு முந்தைய ரயிலில் ஏறுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடும் ஊரில் இதற்கு ஆகும் செலவு பத்து நிமிடம்தான். அரை மணி நேரத்துக்கு ஒரு ரயில் ஓடும் ஊரில் அரை மணி நேரம் போகும், அதையும் சேர்த்துத்தான் காரோடு ஒப்பிட வேண்டும்.

டாக்ஸி, செயலி வண்டி

வாசலில் ஏறி வாசலில் இறங்குவது. இதன் மதிப்பை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ரயில் கட்டணம் தலைக்கு இவ்வளவு. வண்டிக்கு மொத்தமாக இவ்வளவு. ஆகவே ஒருவருக்கு ஆடம்பரமாகத் தெரிவது நான்கு பேருக்குச் சிக்கனமாகிவிடும். விரைவு ரயில் டிக்கெட்டை நான்கால் பெருக்கி, நிலையத்துக்குப் போய்ச் சேரும் செலவையும் கூட்டிப் பாருங்கள். பல ஊர்களில் டாக்ஸி ஜெயித்துவிடும். இடத்தை மட்டும் மறக்கக்கூடாது. நான்கு பேர் ஏறக்கூடிய வண்டியில் நான்கு பேரும் நான்கு பெரிய பெட்டியும் ஏற மாட்டார்கள். குழந்தைக்கு இருக்கை வேண்டுமென்றால் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

சக்கர நாற்காலி உதவி தேவைப்படுகிறவர்களுக்கு நான் யோசிக்காமல் வண்டியைத்தான் சொல்வேன். உதவி கேட்டு முன்பதிவு செய்திருந்தாலும், அது பெரும்பாலும் முனையத்தில் அதற்கென்று குறித்த இடத்திலிருந்துதான் தொடங்கும். ரயில் நிலையத்திலிருந்து அந்த இடம் வரை நடந்தோ தள்ளியோ வர வேண்டியது நம் பொறுப்பு. அந்த நடை சில விமான நிலையங்களில் கால் கிலோமீட்டருக்கு மேல் நீளும். அம்மாவையோ அப்பாவையோ தனியாக விமானம் ஏற்றி அனுப்புகிறவர்கள் கட்டணத்தைப் பார்க்க வேண்டாம். வாசல் வரை வண்டியில் கூட்டிப் போய், உதவியாளர் வந்து பொறுப்பெடுக்கும் வரை கூடவே நில்லுங்கள்.

விடிகாலைப் பயணத்துக்கு வண்டிதான் வேகம். சாலையில் ஆளே இருக்காது. கேள்வி, வண்டி வருமா என்பதுதான். விடிகாலை நாலு மணிக்குச் செயலியில் வண்டி கேட்டவர்களுக்கு இது தெரியும். ஆறு நிமிடத்தில் வருகிறார் என்று காட்டும். அந்த ஆறு எட்டாகும், எட்டு ரத்தாகும். அடுத்தவர் பதினொரு நிமிடம் என்று தொடங்குவார். எனக்கும் நடந்திருக்கிறது, தெருவிளக்கின் கீழ் பெட்டியோடு நின்று ஒவ்வொரு பெயராக மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பதற்றம் யாருக்கும் வேண்டாம். அந்த நேரத்தில் ஓடும் வண்டிகள் குறைவு, கூப்பிடும் இடம் தொலைவு, டிரைவருக்கும் கணக்கு உதைக்கிறது. முந்தைய நாளே செயலியில் நேரம் குறித்துப் பதிவு செய்யலாமே என்றால், பல செயலிகளில் அந்தப் பதிவு வண்டியை உறுதி செய்வதில்லை. குறித்த நேரம் நெருங்கும்போது தேட ஆரம்பிக்கும், அவ்வளவுதான். விடிகாலை விமானத்துக்கு, போன் போட்டுப் பேசி, டிரைவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய முறையே மேல். விடுதியில் தங்கியிருந்தால் வரவேற்பில் சொல்லி வையுங்கள். வண்டி வராவிட்டால் வேறொன்றைப் பிடித்துத் தருவது அவர்கள் வேலையாகிவிடும்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். வண்டிகள் விமான நிலையத்தைச் சுற்றிக் காத்திருக்கும். பெரிய செயலி நிறுவனங்கள் பல விமான நிலையங்களில் டிரைவர்களை முதலில் வந்தவருக்கு முதல் சவாரி என்ற வரிசையில் வைத்திருக்கின்றன. ரெண்டு மணி நேரம் வரிசையில் நின்றவர் உங்கள் சவாரியைச் சுலபமாக ரத்து செய்ய மாட்டார். ஆனால் நாலு பெரிய விமானங்கள் ஒன்றாக இறங்கினாலோ மழை பிடித்தாலோ செயலியில் கட்டணம் ஏறிவிடும். அப்போது மீட்டர் டாக்ஸி வரிசையையும் பிரீபெய்டு கவுன்ட்டரையும் ஒரு நடை பார்த்துவிடுவது நல்லது. அங்கே கட்டணம் மழைக்காக மாறுவதில்லை. பாரிஸ், நியூயார்க் போன்ற நகரங்களில் சில விமான நிலையங்களுக்கும் நகரத்துக்கும் நடுவே டாக்ஸிக்கு நிலையான கட்டணம் சட்டப்படியே உண்டு. இதில் டிரைவர் சுற்றி வந்தாலும், நெரிசலில் மாட்டினாலும் உங்கள் பணம் ஏறாது. உங்கள் நேரம் போகும், அதற்கு யாரும் கட்டணம் நிர்ணயிக்க முடியாது. வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதருகே கேட்பவர்களோடு மட்டும் போகாதீர்கள். எந்த ஊரிலும் முறையான டாக்ஸி வெளியே வரிசையில்தான் நிற்கும்.

செயலி வண்டியில் இன்னொரு சிக்கல், எங்கே போய் ஏறுவது என்பது. நிறைய விமான நிலையங்கள் அவற்றை வாசலிலிருந்து தள்ளி வைத்துவிட்டன. லாஸ் ஏஞ்சலிஸில் 2019 முதல், வந்திறங்கும் பயணிகள் செயலி வண்டி பிடிக்க, நடந்தோ ஷட்டில் பஸ் ஏறியோ தனி இடம் ஒன்றுக்குப் போக வேண்டும். வேறு ஊர்களில் அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தின் மூன்றாம் தளம், 14-ஆம் தூண் என்று தேடி அலைய வேண்டியிருக்கும். பத்து மணி நேரம் பறந்து வந்த பிறகு இந்தத் தேடல் சாதாரணமானது இல்லை. வெளிநாட்டில் இறங்குகிறவர்களுக்கு இதோடு ஒன்று சேரும்: செயலி வேலை செய்ய இணைய இணைப்பு வேண்டும், பணம் கட்டப்போனால் வங்கி அனுப்பும் ஓடிபி, பைக்குள் கழற்றி வைத்திருக்கும் உங்கள் ஊர் சிம்முக்குப் போகும். ஆகவே செயலியை மட்டும் நம்பி இறங்காதீர்கள். நிலையத்து இலவச வைஃபை எல்லைக்குள் நின்று வண்டி பிடிக்க வேண்டும், அல்லது கொஞ்சம் உள்ளூர்ப் பணம் கையில் இருக்க வேண்டும். விடுதி முகவரியை அந்த ஊர் எழுத்திலேயே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால், எந்த டிரைவரிடமும் காட்டிவிடலாம்.

பஸ்

பஸ்ஸை யாரும் சரியாக மதிப்பதில்லை. போகும் வழிக்கு நானும் அதை முதலில் சொல்ல மாட்டேன். காருக்கு இருக்கும் நெரிசல் அதற்கும் உண்டு, அதற்கு மேல் நிறுத்தங்களும் உண்டு. இரண்டு பக்கமும் அடி. தனிப் பஸ் பாதை இருக்கும் ஊர் மட்டும் விலக்கு. ஆனால் திரும்பி வரும் வழிக்கு விமான நிலையப் பஸ் நல்ல தேர்வு. வாசலிலேயே நிற்கும். பெட்டியைக் கீழே உள்ள அறையில் போட்டுவிடலாம், மேலே ஏறினால் இருக்கை. படிக்கட்டு இல்லை, மாற்றம் இல்லை. நகரத்துக்குள் பெரிய விடுதிகள் வழியாகப் போகும் பஸ் என்றால் உங்கள் தெருமுனையிலேயே இறங்கலாம். தனியாக வருபவர், பெரிய பெட்டி, அவசரம் இல்லை என்ற மூன்றும் சேர்ந்தால் நான் பஸ் பக்கம்தான். சாதாரண நகரப் பஸ்ஸும் விமான நிலையப் பஸ்ஸும் வேறுவேறு என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். நகரப் பஸ்ஸில் பெட்டி வைக்க இடமிருக்காது. அலுவலகம் விடும் நேரத்தில் ஏறவே முடியாது.

சொந்தக் கார், சொந்தக்காரர் கார்

சொந்தக் காரை எடுத்துப் போய் நிறுத்திவிட்டுப் பறப்பது, ஓரிரு நாள் பயணத்துக்கு ஒத்துவரும். ஒரு வாரம் ஆனால் நிறுத்தக் கட்டணம் இரண்டு வழி டாக்ஸியைத் தாண்டிவிடும். மலிவான நிறுத்தம் முனையத்திலிருந்து தொலைவில் இருக்கும், அங்கிருந்து ஷட்டில் பஸ் பிடிக்க வேண்டும். அந்தக் காத்திருப்பையும் கெடுவுக்குள் அடக்க வேண்டும்.

யாராவது கொண்டுவிடுவது இலவசம் என்று நினைக்கிறோம். அவர் போய்த் திரும்புகிறார். அழைத்து வருவதற்கும் ஒருமுறை போய்த் திரும்புவார். நீங்கள் இரண்டு பயணம் செய்ய, அந்தக் கார் நான்கு பயணம் செய்கிறது. பிரிட்டனில் ஹீத்ரோ உட்படப் பல விமான நிலையங்கள் வாசலில் ஆளை இறக்கிவிடுவதற்கே கட்டணம் வாங்குகின்றன. இருந்தாலும் நீண்ட நாள் கழித்து வருகிறவரை வாசலில் நின்று அழைத்து வருவதை நான் இந்தக் கணக்குக்குள் கொண்டுவர மாட்டேன். அதற்கு வேறு மதிப்பு. அழைக்கப் போகிறவர் விமானம் தரை தொட்டதும் கிளம்பினால் போதும், குடியேற்றச் சோதனையும் பெட்டியும் முடிந்து வெளியே வர முக்கால் மணி நேரமாவது ஆகும்.

டிக்கெட் வாங்கும்போதே

இந்த ஒப்பீட்டைப் பயண நாளில் தொடங்குவது தாமதம். ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையம் உள்ள ஊர்களில், விமான டிக்கெட் வாங்கும் நொடியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. டோக்கியோவின் ஹனேடா, மையத்திலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். நரிடா ஏறக்குறைய 60. நரிடாவிலிருந்து ரயில் அருமையானது, ஆனால் கடைசி ரயிலுக்குப் பிறகு இறங்கினால் 60 கிலோமீட்டருக்கு டாக்ஸி என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு இல்லை. ஐரோப்பாவில் மலிவு விமானங்கள் இறங்கும் சில நிலையங்களின் பெயர் இன்னும் மோசமாக ஏமாற்றும். பிராங்க்பர்ட் ஹான், பிராங்க்பர்ட்டிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பாரிஸ் பெயரில் விற்கப்படும் போவே, பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். இப்படிப்பட்ட இடங்களில் பெரும்பாலும் பஸ்தான் வழி, அதன் கட்டணத்தையும் ஒன்றரை மணி நேரத்தையும் விமான டிக்கெட்டோடு கூட்டிப் பார்த்தால், மலிவு காணாமல் போவது பல தடவை நடக்கும்.

ஒரே ஒரு பாலத்தையோ ஒரே ஒரு சாலையையோ நம்பி நிற்கும் விமான நிலையம் என்றால், வானிலை எச்சரிக்கையையும் பாருங்கள். ஜப்பானின் கன்சாய் விமான நிலையம் கடலில் கட்டிய தீவு. 2018 செப்டம்பரில் ஜெபி புயலில் ஒரு எண்ணெய்க் கப்பல் அடித்து வரப்பட்டுப் பாலத்தில் மோதியது; ரயிலும் சாலையும் ஒரே பாலத்தில் போவதால் இரண்டும் ஒருசேர நின்றன. ஆயிரக்கணக்கானோர் அந்த இரவை முனையத்திலேயே கழித்தார்கள், மறுநாள் படகிலும் பஸ்ஸிலும் வெளியே வந்தார்கள். அன்றைக்கு ரயிலா டாக்ஸியா என்ற கேள்விக்கே இடமில்லை.

நள்ளிரவும் விடிகாலையும்

மேலே சொன்ன ரயில் வாதம் முழுவதும் ரயில் ஓடும் நேரத்துக்குத்தான். கோபன்ஹேகன் மெட்ரோ இரவு பகல் பாராமல் விமான நிலையத்துக்கு ஓடுகிறது. லண்டனில் பிக்காடில்லி லைன் வெள்ளி, சனி இரவுகளில் விடிய விடிய ஓடுகிறது. இப்படிப்பட்ட ஊர்கள் குறைவு. மற்ற இடங்களில் கடைசி ரயில் நள்ளிரவு வாக்கில் போய்விடும். இரவு 10.30-க்கு இறங்கும் விமானம், 11.45-க்குக் கடைசி ரயில் என்றால் காகிதத்தில் சரியாக இருக்கும். விமானம் அரை மணி நேரம் தாமதமாகி, பெட்டி கடைசியாக வந்தால் கதை முடிந்தது. கடைசி ரயிலுக்கும் இறங்கும் நேரத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இல்லாவிட்டால், ரயிலை மறந்துவிட்டு டாக்ஸிக்குப் பணம் எடுத்து வைத்துவிடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் செல்லும் டிக்கெட்டை வரும் வழிக்கு முன்கூட்டியே வாங்காதீர்கள்; எந்த ரயிலிலும் ஏறலாம் என்ற டிக்கெட் கொஞ்சம் கூடுதலானாலும் அதுவே சரி.

விடிகாலை விமானத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: முந்தைய இரவே விமான நிலையத்துப் பக்கம் போய்த் தங்கிவிடுவது. ஆறு மணி விமானத்துக்கு மூன்றரைக்கு வீட்டிலிருந்து கிளம்ப வேண்டுமென்றால், மூன்று மணிக்கு எழ வேண்டும், வண்டி வருமா என்ற கவலையில் ஒரு மணியிலிருந்தே விழிப்பு. பக்கத்தில் தங்கினால் நாலு மணி வரை தூங்கலாம், முந்தைய மாலையே ரயிலிலோ பஸ்ஸிலோ குறைந்த செலவில் போய்விடலாம். நள்ளிரவு டாக்ஸிக் கட்டணத்தை விடுதிக் கட்டணத்திலிருந்து கழித்துப் பார்த்தால் வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன். பதிவு செய்யும் முன் ஒன்றை மட்டும் விடுதிக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: அவர்களுடைய ஷட்டில் வண்டி விடிகாலை எத்தனை மணிக்கு ஓட ஆரம்பிக்கிறது, இடத்துக்கு முந்தைய இரவே பெயர் கொடுக்க வேண்டுமா? சில விடுதிகளில் முதல் வண்டியே ஐந்து மணிக்குத்தான்.